மலை ஏறுமுன் புல்லைப் பாருங்கள்

மலையேற்றம் என்றதும் உங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது காலணியும் முதுகுப்பையும்தான். அவை வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு முன்பாக நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள் என்பேன். எந்த மாதத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தே மற்றவை எல்லாம்.

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மாதத்தில் மலை எப்படி இருக்கும்? வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. பிறகு பனியிலும் வெயிலிலும் சரிவுகளில் உள்ள புல் காய்ந்து, மார்ச்சில் வைக்கோலாகிக் கிடக்கிறது. ஒரு பீடித் துண்டு போதும்.

சரிவில் தீ எப்படி ஓடுகிறது தெரியுமா? எரியும் தீக்குச்சியின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்தால், சுடர் குச்சியை ஒட்டி விறுவிறுவென்று மேலேறி விரலைச் சுட வருகிறது. தலையை மேலே நிமிர்த்தினால் மெதுவாக எரிகிறது. மலைச்சரிவும் அந்தக் குச்சியைப் போலத்தான். தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்றும் அதற்குத் துணை. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ ஆய்வாளர்கள் கையாளும் கணக்கு. அப்படியானால் 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு! மனிதனுக்கோ சரிவு கூடக்கூட மூச்சு வாங்கி நடை தளர்கிறது.

ஆகவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது ஆபத்து. அதன் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப் பரப்பையோ ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலத்தையோ அடைய வேண்டும். வறண்ட ஓடைப் பள்ளத்தில் இறங்கிப் பதுங்கவும் கூடாது; அது புகைபோக்கி போல் தீயை இழுத்துக்கொள்ளும். இவ்வளவும் தெரிந்துவிட்டதால் தீயை வென்றுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பருவத்தில் அங்கே போகாமலிருப்பதே சரியான தற்காப்பு. தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடும்போது பலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தத் தடையில் குறை ஒன்றும் தெரியவில்லை. கூடாரத்தின் முன் தீமூட்டிப் பாடுவதும் சினிமாவோடு இருக்கட்டும்.

உடைக்கும் மாதக் கணக்கு உண்டு. நைலான் போன்ற செயற்கை இழை வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி உருகாது. ஆனால் மழைக் காலத்தில் நனைந்த பருத்தியே எதிரியாகிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அடிவாரத்தில் 30 டிகிரி என்றால், அதற்கு 2,000 மீட்டர் மேலே 17தான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், ஈரச்சட்டை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளிச் சட்டையும், நீர் புகாத பையில் ஒரு மாற்றுடையும் அப்போது அவசியம்.

தண்ணீர், டார்ச், கட்டுத்துணி ஆகியவற்றை நான் சொல்லாமலே எடுத்துக்கொள்வீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் உங்களோடு கீழே இறங்க வேண்டும். யானை நடமாட்டமுள்ள காட்டில் அந்தி சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று. உங்களை அழைத்துச் செல்பவரிடம் புறப்படுமுன் கேளுங்கள்: வனத்துறையின் அனுமதிச் சீட்டு எங்கே? அதில் கண்ட பாதையில்தான் போகிறோமா? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம்? பெரியவர்களை இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். சீட்டைக் காட்ட மறுத்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கிவிடுங்கள்.