படை விட்டு வந்த வண்டிகள்

பொள்ளாச்சிக்கு அருகே, என் நண்பர் ஒருவருடைய தென்னந்தோப்பில், மட்டை அடுக்கும் கொட்டகையின் ஒரு பாதியை ஒழித்து நிறுத்திவைத்திருக்கும் ஜோங்கா வண்டியை மூன்று வருஷ காலமாக நான் பார்த்து வருகிறேன். ராணுவ ஏலத்தில் விலைபோய், இரண்டு கை மாறி, லாரியின் முதுகில் ஏறி வந்து இறங்கிய நாளில் அதற்குப் பிரேக் பிடிக்கவில்லை. பேட்டரி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பெட்ரோல் டாங்கிக்குள் கையை விட்டால் துரு செதில் செதிலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதை நட்டு நட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மறுபடியும் மாட்டி உயிர்ப்பித்திருக்கும் அந்த மனிதருடைய சிரத்தையைக் கண்ட பிறகு, இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்ப்பது பணம் மிகுந்தவர்களின் வீண் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அது நாட்டின் தொழில்திறனுக்கும் ஞாபகத்துக்கும் செய்யப்படும் தொண்டு என்பதும், அந்தத் தொண்டுக்கு நம்முடைய சட்டங்கள் ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஜோங்கா என்ற பெயரிலேயே அது பிறந்த ஊர் இருக்கிறது. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. ஜப்பானிய நிசான் கம்பெனியின் பேட்ரோல் வண்டியை மூலமாகக் கொண்டு, 1969 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜபல்பூரில் நம் சேனைக்காக அதைச் செய்தார்கள். அதற்குப் பத்தாண்டு மூத்தது, ஜெர்மனியின் மான் கம்பெனியிடம் உரிமம் பெற்று 1959-இல் அதே ஊரில் தொடங்கி 1996 வரை உற்பத்தியான சக்திமான் லாரி. விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த தேசம், தன் படைவீரர்களைத் தன் தொழிற்சாலையில் பிறந்த லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்ததன் பலன் அது. நம் ஊர்களில் சேனையிலிருந்து ஓய்வு பெற்று வந்த முதியவர்களிடம் சக்திமான் என்ற பெயரை உச்சரித்தால், அதன் பின்புறத்துப் பலகையில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து இமயமலையின் வளைவுகளில் ஏறிய இரவுகளைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். பிற்பாடு அந்த லாரியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது, சென்னையைத் தாயகமாகக் கொண்ட அசோக் லேலண்டின் ஸ்டாலியன்.

நண்பருடைய வண்டியில் எஞ்சினின் புகை வெளியேறும் மேனிபோல்டு என்ற வார்ப்பு நெடுக விரிசல் விட்டிருந்தது. வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரிசல் காணும்; இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. புதிது எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே உடைந்ததையே எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்யும் ஒரு முதியவரிடம் போனோம். கோவைப் பக்கத்தில் பம்பும் மோட்டாரும் செய்து பழகிய பவுண்டரிகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் தச்சர்களில் அவரும் ஒருவர். உடைந்த துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, விரலால் தடவித் தடவி அளந்து, தேக்கில் அவர் செதுக்கத் தொடங்கியபோது, அவர் குறித்த அளவுகள் எல்லாம் பழைய துண்டின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டு நான் சந்தேகம் கேட்டேன். “இரும்பு ஆறுனா சுருங்குமுங்க. மீட்டருக்குப் பத்து மில்லி சேத்து வெச்சாத்தானுங்க அளவு ஒக்காரும்” என்றார், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல். முதல் தடவை ஊற்றியபோது, உட்குழிவுக்காக வைத்த மணல் அச்சு சற்றே நகர்ந்து, குழாயின் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போயிற்று. தட்டிப் பார்த்து அதைத் தூக்கி ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாவது வார்ப்பை லேத்துப் பட்டறையில் முகம் சீவி, எஞ்சினோடு சேர்த்து முடுக்கி, வண்டியை இயக்கியபோது எங்கும் புகை கசியவில்லை. உதிரிப் பாகத்தைப் பெட்டியோடு வாங்கி மாட்டிப் பழகிவிட்ட நம் காலத்தில், ஒரு பாகத்தை மரத்திலிருந்து தொடங்கி உண்டாக்கும் வித்தைக்கு வேலை கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய வண்டிக்காரர்கள் அந்தச் சிலரில் அடங்குவர்.

படை கழித்துவிட்ட வண்டியிலிருந்து புதிய வண்டியே பிறந்ததும் உண்டு. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீத் தீவில் உள்ள தம் பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்து உழைத்துக்கொண்டிருந்தவர்; அதற்கு மாற்றாகத் தாமே ஒன்று செய்தால் என்ன என்று அவர் எண்ணியதன் விளைவுதான் 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர்.

இனி, மாற்றியமைப்பதைப் பற்றி. இதில் அபிமானிகளிடமே எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. அரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய ஜீப்புகளை வாங்கி, அகன்ற டயரும் உயர்ந்த உடலும் மின்னும் விளக்குகளும் பூட்டி விற்பது பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. கைத்திறன் அங்கேயும் இல்லாமலில்லை. ஆனாலும், தடுக்கும் சக்தியைக் கூட்டாமல் ஓடும் சக்தியை மாத்திரம் கூட்டுவதும், அச்சு தாங்குமா என்று பாராமல் சக்கரத்தைப் பெரிதாக்குவதும், அழகுக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். அதை எந்த வகையிலும் நான் ஆதரிக்க மாட்டேன். இதற்கு நேர்மாறான மாற்றமும் இருக்கிறது. அமெரிக்கப் படையில் 1950 முதல் பல்லாண்டு ஓடிய எம்-35 என்ற இரண்டரை டன் லாரி, அந்நாட்டு அபிமானிகளுக்கு உயிர். மூன்று அச்சுகளும் இழுக்கும். அதன் பிந்திய வகைகளில் பூட்டிய எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய் என்று பல எண்ணெய்களையும் ஏற்றுக்கொண்டு ஓடும். ஆனால் அதன் பிரேக் எண்ணெய் முழுவதும் ஒரே தடத்தில் ஓடியது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால், ஆறு டன் எடையுள்ள வண்டிக்குப் பிரேக்கே இல்லாமற்போகும். ஆகையால் அங்குள்ளவர்கள், முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு தடங்களைப் பிரித்து அமைத்துக்கொள்கிறார்கள். இந்த மாற்றம் வண்டியின் இயல்பைக் கெடுக்கவில்லை. எதிரே வருகிறவனுடைய உயிரைக் காக்கிறது.

நம் சட்டத்தில் இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடையே தெளிவான கோடு இல்லை என்பதே என் வருத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரித்தவர் நிர்ணயித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டபடி மாற்றுவோரைத் தடுக்க அது அவசியமானதே. ஆயினும் ராணுவ வண்டியின் மூலம் எது? நண்பருடைய ஜோங்கா சேனையில் இருந்த நாளிலேயே, படைப் பணிமனையில் அதன் எஞ்சினைக் கழற்றிச் செப்பனிட்ட வேறொரு எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள். சேனையில் அது அன்றாட நடைமுறை. தகட்டில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருப்பதைக் காட்டி, பதிவு அலுவலகத்தில் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது. நண்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது, பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சையும் அதற்கும் கீழே ரெட் ஆக்சைடும் தெரிந்தன. இடது மட்கார்டில் ஏதோ ஒரு படைப்பிரிவின் வெள்ளை எழுத்துகளின் தடம் மங்கலாகத் துலங்கியது. அதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சாம்பல் நிறம் அடித்துவிட்டார். எதிரி படையின் வேஷத்தில் உள்ளே நுழையக்கூடாது என்பதற்கான விதி இது. இதைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. அருங்காட்சியக வளாகத்துக்குள் மட்டும் நிற்கும் வண்டிகளுக்கு, எழுத்து மூலமான அனுமதியோடு விலக்குத் தந்தால் போதும்.

நான் கேட்பது பெரிதல்ல. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு வழங்க ஏற்பாடு செய்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இரு சக்கர வண்டிகளையும் ஆட்கள் பயணம் செய்யும் சொந்தக் கார்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த விதியில் சக்திமான் போன்ற சரக்கு லாரிக்கு இடமில்லை. அந்த இடத்தை அளியுங்கள். படையின் பணிமனையில் மாற்றப்பட்ட எஞ்சினையும் மூல எஞ்சினாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றில் பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களை ஒரு பொறியாளர் சோதித்துச் சான்றளித்தால் அனுமதியுங்கள். பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளை உடைப்பு நிலையங்களுக்கு அனுப்பும் விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புப் பணிக்குரிய சிறப்பு வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு. படை கழிக்கும் மற்ற வண்டிகளிலும் ஒவ்வொரு வகைக்கும் சிலவற்றையாவது சேஸிஸை அறுக்காமல், உரிய தஸ்தாவேஜுகளோடு, பேணிக் காப்பதாக எழுதிக் கொடுப்பவர்களுக்கு விற்க வேண்டும். ஒரு சக்திமானை அறுத்து உருக்கினால் சில டன் இரும்பு கிடைக்கும். அந்த இரும்பிலிருந்து மறுபடியும் ஒரு சக்திமானைச் செய்ய இன்று ஜபல்பூரிலும் முடியாது.

நண்பர் அடுத்த மாதம் நான்காம் முறையாக அலுவலகத்துக்குப் போகிறார். தேக்கில் செய்த அந்த மாதிரியை அவர் தச்சரிடமே விட்டுவைத்திருக்கிறார். அதே மேனிபோல்டு வேண்டும் என்று நீலகிரியிலிருந்து ஒருவரும் கேரளத்திலிருந்து ஒருவரும் கேட்டிருக்கிறார்கள்.