மலை ஏறியவரும் வழி காட்டியவரும்

மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் யார்? பொது அறிவுப் போட்டியில் இவ்வினா எழுந்தால், மாணவன் தயங்காது விடையிறுப்பான்: அமெரிக்கரான ஹைரம் பிங்ஹாம், 1911. அவனுக்குப் புள்ளியும் கிடைத்துவிடும். இந்த விடை பிழையானது என்கிறோம் நாம். பிழை மாத்திரமன்று, உழைக்கும் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் ஆகும்.

நடந்ததைப் பிங்ஹாமின் எழுத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். 1911 ஜூலை 24ஆம் நாள், பெரு நாட்டின் உறுபம்பா நதிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மெல்ச்சோர் ஆர்த்தியாகா என்னும் விவசாயி, ஒரு சோல் வெள்ளிக்காசைக் கூலியாகப் பேசி, யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிங்ஹாமை மலைமேல் அழைத்துச் சென்றார். மலைமுகட்டில் ரிச்சார்த்தே, அல்வாரெஸ் என்னும் கெச்சுவாக் குடும்பத்தினர் இன்காக்களின் படிவரிசை வயல்களைத் திருத்திப் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தனர். களைத்து வந்தவருக்குச் சுரைக்குடுவையிலே குளிர்ந்த நீரும், அவித்த வற்றாளங்கிழங்கும் கொடுத்தனர். பின்னர் அவ்வீட்டுச் சிறுவன் ஒருவன் அவரை இடிபாடுகளுக்குள் கூட்டிச் சென்று காட்டினான்.

மக்கள் குடியிருந்து, உழுது, உண்டு, உறங்கிய ஓரிடத்தை வெளியார் ஒருவர் வந்து கண்டுபிடிப்பது எங்ஙனம்? அங்கிருந்த கற்சுவரொன்றில் அகுஸ்தீன் லிசாறகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதப்பட்டிருந்தன. அவரும் அதே பள்ளத்தாக்கின் விவசாயியே. 1880இல் வெளிவந்த சார்ள் வீனர் என்பவரின் பயண நூலிலேயே, உள்ளூர் மக்கள் வாயிலாகக் கேட்டறிந்த இவ்விடத்தின் பெயர் காணப்படுகின்றது. தெரியாதிருந்தவர்கள் தூரதேசத்தார். அவர்களுடைய அறியாமை நீங்கிய நாளையே உலக வரலாறு 'கண்டுபிடிப்பு' என்று கொண்டாடுகின்றது.

"பிங்ஹாம் அன்றோ படம் பிடித்தார், அளந்தார், உலகறியச் செய்தார்?" என வாதிடுவோர் உளர். அவர் செய்தவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அறிவித்தல் வேறு, கண்டுபிடித்தல் வேறு. மேலும், அறிவித்தவர் சரியாகத்தான் அறிவித்தாரா? இன்காக்களின் இறுதித் தலைநகரான வில்கபம்பா இதுவே என்றார். அது எஸ்பிரித்து பம்பா என்னும் பிறிதோரிடம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அங்கே தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகளுட் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று அவருடைய குழுவினர் கூற, 'சூரியக் கன்னியர்' வாழ்ந்த நகரம் என்ற கதை பிறந்தது. பிற்கால ஆய்வு அதனையும் பொய்யாக்கிற்று.

அந்த எலும்புகள் உண்மையில் யாருடையவை? 1912இல் தொடங்கிய அகழ்வுகளிற் கிடைத்தவை யேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. திருப்பிக் கேட்கும் உரிமை பெருவுக்கு இருந்தும், ஏறத்தாழ நூறாண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. பெரு அரசு நீதிமன்றம் சென்ற பின்னரே, 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011, 2012ஆம் ஆண்டுகளில் அவை குஸ்கோ நகரை வந்தடைந்தன. அங்ஙனம் எடுத்துச் செல்லப்பட்டோருள் 34 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2023இல் வெளிவந்தது. அரசகுடும்பத்துக்குப் பணிசெய்த அம்மக்கள் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசன் காட்டுப் பகுதிகளிலிருந்துங்கூடக் கொண்டுவரப்பட்டோர் என்பது அதனாற் புலனாயிற்று.

ஆகவே இன்கா ஆட்சியைப் பொற்காலமாகப் பாடுவதும் நமது நோக்கமன்று. பச்சகூத்தி மன்னனுக்காக 15ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை நகரம் இது. இரும்புக் கருவியும் சில்லு வண்டியும் இன்றி, மலைச் சரிவிலே கல் பிளந்து, இழுத்து, இழைத்து அடுக்கியவர்கள் மித்தா என்னும் முறைப்படி அரசுக்கு உழைப்பையே வரியாகச் செலுத்திய குடியானவர்கள். 1943இல் அங்கு சென்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, கல்லின் அழகோடு அமைதி கொள்ளாது, அக்கல்லைச் சுமந்த மனிதனைத் தேடிப் பாடினார். அந்தத் தேடலே நமக்கு முன்மாதிரி.

மன்னன் போனான், சுமை போகவில்லை. மச்சு பிச்சுவுக்கு அப்பால் அதே நதி இறங்கிச் செல்லும் லா கொன்வென்சியோன் பிரதேசத்தில், நிலப்பிரபுவின் தோட்டத்தில் இலவசமாக உழைத்தே தமது துண்டு நிலத்துக்கு வாரம் கட்டி வந்தனர் கெச்சுவா விவசாயிகள். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தனர். ஊகோ பிளாங்கோ போன்றோர் சிறை சென்றனர். 1969இல் நாடளாவிய நிலச் சீர்திருத்தம் வந்தது. 1975இல் கெச்சுவா ஆட்சிமொழி ஆயிற்று. 'மறைந்த நாகரிகம்' என்று உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கப்படும் நாகரிகத்தின் மக்கள் மறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்றும் நான்கு நாள் நடக்கும் இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கே அனுமதியுண்டு. அவர்களுள் ஏறக்குறைய 300 பேர் வழிகாட்டிகள், சமையற்காரர், சுமைகாரர். ஆண் ஒருவரின் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என 2001இல் சட்டமியற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்த முதுகுகள் எவ்வளவு சுமந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மலையேறும் வளைவு வீதிக்கோ பிங்ஹாமின் பெயர். செல்வந்தர் ஏறிச்செல்லும் ஆடம்பரப் புகையிரதத்துக்கும் அவரது பெயரே. அவ்வீதியால் ஏறுவோருள் ஆர்த்தியாகாவின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

ஆசிரிய நண்பர்களே, பெயர்ப்பலகைகளை மாற்றுவது நம் கையில் இல்லை. வினாவை மாற்றுவது நம் கையில் உண்டு. கண்டுபிடித்தவர் யார் என்று கேட்கும் வகுப்பிலே, வழி காட்டியவர் யார், அங்கு குடியிருந்தோர் யார், கல் சுமந்தோர் யார் என்றும் கேளுங்கள். மெல்ச்சோர் ஆர்த்தியாகா என்று ஒரு மாணவன் விடை எழுதுவானாயின், அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுங்கள்.