சுட்ட கம்பி சொன்ன சேதி

எமது வீட்டு மொறிஸ் மைனர் வண்டிக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவு தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், நாலு துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது. ஆதலால் அதற்கு எந்த நோய் கண்டாலும், “அந்தக் காலத்து மண்ணெண்ணெய் செய்த வேலை” என்று சொல்லிவிடுவது எம் வீட்டு வழக்கம். இம்முறை அவ்வழக்கமே எம்மைக் கெடுத்தது.

நோயின் குறிகளைச் சொல்லிவிடுகிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சிறிது நேரம் சென்றபின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். பற்றரிக்கு மின்னேறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு மின்மினிபோல் மினுக்கும். இரவில் முன்விளக்குகள் மங்கும், மறுகணம் பிரகாசிக்கும். காலையில் ஸ்ராட்டர் கிழவன் இருமுவதுபோல் இரண்டு முறை முனகிவிட்டு ஓய்ந்துவிடும்.

எம் தங்கைக்குச் சிறுநீரக வியாதி. வாரத்தில் இரு நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் குருதிச் சுத்திகரிப்புக்காகக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கலை அவர் உடம்பு தாங்காது. ஆகவே இந்தக் கிழட்டு வண்டியின் நம்பகம் எமக்கு வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். வண்டி மூன்று நாள் ஓடிற்று, நின்றது. கொயில் மாற்றினார்கள், ஒரு வாரம் ஓடிற்று. பிளக், கொண்டென்சர், ஈற்றில் புதுப் பற்றரி. ஒவ்வொரு பொருளும் மாறியவுடன் வண்டி சற்றுக் குணப்பட்டது. அந்தக் குணமே எம்மை ஏமாற்றியது. ஒன்றை மாற்றும்போது நாலு கம்பிகள் அசைகின்றன, இயந்திரமும் ஆட்டங்காண்கிறது. தளர்ந்த இணைப்பொன்று தற்செயலாகச் சேர்ந்துகொள்கிறது. பொருளை மாற்றிப் பார்ப்பது வேறு, நோயறிவது வேறு என்பது எமக்கு அப்போது தோன்றவில்லை. கையிருப்புக் கரைந்த பின்னரே தோன்றிற்று.

கடந்த கார்த்திகை மழையில், வெள்ளத்துக்கு ஒதுங்கிக் குறுக்கு வீதியால் போனபோது, கோண்டாவிலில் புகையிரதக் கடவையின் நட்டநடுவே வண்டி நின்றது. பின்னாசனத்தில் தங்கை. காங்கேசன்துறைக்கு 2015ஆம் ஆண்டில் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின், இக்கடவைகள் விளையாட்டிடங்கள் அல்ல. நாம் ஸ்ராட்டரை அழுத்திக்கொண்டேயிருந்தோம். அருகிலிருந்த மருமகள், சோக்கை உள்ளே தள்ளக் கைவைத்தவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“மாமா, சோக்குக் கம்பி நெருப்பாச் சுடுது!”

“சும்மா இரு பிள்ளை” என்றோம். வீதியால் வந்த இளைஞர் நால்வர் ஓடிவந்து வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்தினர். அரை நாழிகை கழியுமுன் கடவை மணி ஒலித்தது.

மறுநாள், தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். பெயரைச் சொன்னால் கோபிப்பார். அவர் மூடியைத் திறக்கவேயில்லை. திண்ணையில் இருத்தி, பரியாரியார் நாடி பார்ப்பதுபோல் விசாரித்தார்.

“தம்பி, எப்ப நிக்குது எண்டது இருக்கட்டும். எங்க நிக்குது?”

யோசித்துப் பார்த்தோம். மதகடி, பள்ளம், தண்டவாளம். எல்லாம் குலுங்குமிடங்கள்! அப்போதுதான் மருமகள் மெல்லத் தன் சுட்ட விரலின் கதையைச் சொன்னாள். கிழவர் எழுந்துவிட்டார். “பிள்ளை எப்பவோ கண்டுபிடிச்சிட்டுது” என்றார்.

மாணவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். பற்றரியிலிருந்து தடித்த கம்பி வழியாக ஸ்ராட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் நூறு அம்பியருக்கு மேற்பட்டது. சென்றது திரும்பவேண்டும். திரும்பும் வழி இயந்திரத்தின் உடலும் வண்டியின் உடலுமே. ஆனால் இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்கடத்தாப் பொருள். ஆகவே கியர்ப்பெட்டிக்கும் வண்டியுடலுக்குமிடையே செப்புக் கம்பிப் பின்னல் ஒன்றைப் பூட்டியிருப்பார்கள். இதை ‘ஏர்த்’ என்பர். அது கெட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். இயந்திரத்தையும் வண்டியுடலையும் தொடுத்து நிற்கும் வேறு உலோகம் எது? சோக்குக் கம்பியும் அக்சிலேற்றர்க் கம்பியுமே. இழுப்பதற்கென்று செய்த மெல்லிய உருக்குக் கம்பி அத்தனை அம்பியரைச் சுமந்தால் சுடாமல் என்ன செய்யும்? குலுக்கலில் அந்தத் தொடுப்பும் விட்டுவிட்டால் கொயிலின் மின்னோட்டம் திரும்ப வழியற்றுப்போகும், தீப்பொறி இல்லை, வண்டி நிற்கும். டைனமோவின் மின்னும் அவ்வழியே தடுமாறுவதால் விளக்குகள் மினுக்கும். ஐந்தாறு நோயென்று நாம் எண்ணியது ஒரே நோய்.

கிழவர் வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றரியின் உடலிணைப்பு முனையிலும், மறுமுனையை இயந்திரத்திலும் வைத்து, ஸ்ராட்டரை அழுத்தச் சொன்னார். அரை வோல்ற்றுக்குக் கீழே நிற்கவேண்டிய முள் ஐந்தைக் காட்டிற்று. பன்னிரண்டில் ஐந்து வழியிலேயே போயிற்று!

முன்னைய கராஜில் இதே வழியைச் சிறு சோதனை விளக்கால் பார்த்து, “ஏர்த் சரி” என்றார்களே என்று கேட்டோம். மருமகள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பவள். விடையை அவளே கணக்கிட்டாள். தடை ஓமின் இருபதிலொரு பங்கு என்று கொண்டால், நூறு அம்பியருக்கு இழப்பு ஐந்து வோல்ற்று. அரை அம்பியர் குடிக்கும் சிறு விளக்குக்கோ ஒரு வோல்ற்றின் நாற்பதிலொரு பங்கு. விளக்குப் பளிச்சென்று எரியத்தான் செய்யும். பாரம் ஏற்றாமல் பாலத்தின் பலத்தை அளந்த கதை.

வண்டிக்கடியில் குனிந்து பார்த்தோம். எண்ணெயும் சேறும் அப்பி, களிம்பேறிப் பச்சை நிறமாய், இரண்டு இழையில் தொங்கிற்று அப்பின்னல். புதிதொன்று பூட்டி, திருகாணி அமரும் இடத்தில் வர்ணத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டார். முன்பு வாங்கிய கொயிலின் விலைக்கு அருகேகூட வராத செலவு. வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. கூலி கேட்டதற்கு ஒரு தேநீர் போதுமென்றார்.

இக்கால வண்டிகளிலும் இந்நோய் உண்டு. கணினி பூட்டிய வண்டிகளில் தொடர்பற்ற எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரிவதாகவும் அது வெளிப்படலாம். அளக்க முற்படுவோர் ஒன்றைக் கவனிக்க: பழைய பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்திருக்கும், இன்றைய வண்டிகளில் எதிர்முனை.

பழைய பின்னலைக் கழுவி மருமகள் தன் மேசையில் வைத்திருக்கிறாள். தங்கை மட்டும் கோண்டாவில் கடவையை அணுகும்போது இன்னமும் கண்களை மூடிக்கொள்கிறார்.