இன்சுலினின் முகவரி



சர்க்கரை நோய் பற்றிய சென்ற இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கணையச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றனவே, இன்சுலினுக்கு மட்டும் வெளியே போகும் வழி எப்படித் தெரிகிறது?” ‘கணையம் இன்சுலினைச் சுரக்கிறது’ என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப்போகிற இடம் இது. கேட்டவருக்கு நன்றி.

பதில் இன்சுலினிலேயே இருக்கிறது. ரைபோசோமில் கோக்கப்படும்போது அதன் நீளம் 110 அமினோ அமிலங்கள். அவற்றில் முதலில் தலைநீட்டும் 24-ம்தான் முகவரி. அந்தத் துண்டு வெளியே எட்டிப் பார்த்ததுமே ஒரு துகள் வந்து பற்றிக்கொள்கிறது. கோக்கும் வேலை மந்தமாகிறது. ரைபோசோமையே கூட்டிக்கொண்டு போய் எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் சேர்க்கிறது அந்தத் துகள். சவ்வில் ஒரு துளை. பாதி கோத்த புரதம் அதற்குள் நுழைய, மீதியும் கோக்கக் கோக்கப் பின்னாலேயே போகிறது. முகவரித் துண்டின் வேலை அத்தோடு முடிந்தது. ஒரு நொதி அதை நறுக்கிவிடுகிறது. மிச்சம் 86. அது மடிந்து, கோல்கை உறுப்பு வழியாகச் சிறு பைகளில் அடைபட்ட பிறகு நடுவிலும் வெட்டு விழுகிறது. கடைசியில் கிடைக்கும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்தான். (வெட்டிய நடுத்துண்டு வீண் அல்ல. லேப் ரிப்போர்ட்டில் ‘சி-பெப்டைடு’ என்று பார்த்திருப்பீர்களே, அதுதான். ஊசி போட்டுக்கொள்பவருக்குச் சொந்த இன்சுலின் எவ்வளவு ஊறுகிறது என்பதை டாக்டர் அதை வைத்தே கணிக்கிறார்.) ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் பைகள் திறக்கின்றன.

முகவரி புரதத்தோடேயே பிறக்கிறது என்ற யோசனையை 1971-ல் முன்வைத்தவர்கள் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் குந்தர் புளோபெலும் டேவிட் சபாட்டினியும். அப்போது அது ஊகம்தான். 1975-ல் புளோபெல் சோதனைச் சான்றுகளோடு வந்தார். 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1945-ல் அகதிச் சிறுவனாகக் கடந்துபோன ட்ரெஸ்டன் நகரம் சில நாட்களில் குண்டுவீச்சில் எரிந்ததை அவர் மறக்கவே இல்லை. பரிசுப் பணத்தில் பெரும்பகுதி அந்நகரின் தேவாலயத்தையும் யூத வழிபாட்டிடத்தையும் மீண்டும் கட்டப் போனது.

முகவரி எப்போதும் தலைப்பக்கம்தான் என்றில்லை. பெராக்சிசோம் என்ற செல் உறுப்புக்குப் போகும் பல புரதங்களுக்கு அது வால்பக்கம். கல்லீரலில் அப்படி ஒரு நொதி உண்டு. ஆக்சலேட் அதிகம் சேராமல் தடுப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அதில் இரண்டு சிறு மாற்றங்கள் சேர்ந்து அமைந்துவிடும். உடனே நொதியில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதி கெடவில்லை, வேலை செய்யும் திறனும் இருக்கிறது. ஆனால் வேலையோ பெராக்சிசோமில். ஆக்சலேட் பெருகிச் சிறுநீரகத்தில் கல்லாகிறது, முற்றினால் சிறுநீரகமே செயலிழக்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே மிக விசித்திரமான நோய் இதுதான். இந்த வகையினரில் பலருக்கு பி6 வைட்டமின் பலன் தருகிறது. நொதி மேலும் நன்றாக மடிந்து, சரியான இடத்துக்குப் போவது கூடுகிறது.

இதைப் படித்துவிட்டுக் கல் தொந்தரவு உள்ளவர்கள் யாரும் பி6 வாங்க மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். இது பரம்பரையாக வரும் அரிய நோய். நம்மில் பெரும்பாலோருக்குக் கல் வருவது வேறு காரணங்களால். டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்