ஊரை விட்டுப் போகும்போதுதான் ஊரைப் பார்க்கணுமா?

ஒரு கேள்வி கேட்கிறேன், மனசைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருகிறார்களே, அவர்கள் பார்க்கிற இடங்களில் எத்தனையை நீங்கள் நிதானமாகப் பார்த்திருக்கிறீர்கள்?

நான் திருச்சி உறையூரில் 27 வருஷம் குடித்தனம் நடத்தியவள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகனும் மருமகளும் ஓசூரில் வேலைக்குப் போகிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய்விடுவது என்று முடிவானது. ஆடி பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும். பதினைந்து நாள்தான் இருந்தது. மாடி வீட்டுப் பெண் வந்து, "அக்கா, போறதுக்குள்ள உச்சிப் பிள்ளையாரை ஒருதரம் பார்த்துட்டு வந்துடுங்க. அப்புறம் எப்ப வரப்போறீங்களோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 27 வருஷத்தில் நான் ஒரு தடவைகூட உச்சிக்கு ஏறினதில்லை!

சிரிக்காதீர்கள். மலைக்கோட்டைக்குப் போகாமலா இருந்தேன்? சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் கூட்டிப் போவது அங்கேதான். அன்றைக்கு எனக்கு விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு பற்றிவிடும். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்குத் தனியாக இட்லி எல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு தாயுமானவர் சன்னதி வரை ஏறுவேன். பிரசவத்துக்குத் தாய் வர முடியாமல் காவிரி வெள்ளத்தில் அக்கரையில் நின்றுவிட, சிவனே தாயாக வந்து பார்த்தார் என்று சொல்லும் தலம் அது. மருமகளின் பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் செலுத்தினதும் அங்கேதான். அதற்கு மேலே போகும்போது, "நீ பையைப் பார்த்துக்கிட்டு இங்கேயே உட்காரு" என்பார் அவர். நானும் உட்கார்ந்துவிடுவேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. எனக்கே, "மேலே போய் என்ன ஆகப்போகுது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றுதான் தோன்றும்.

இந்தத் தடவை தனியாகப் போனேன். "பாத்திரம் கட்டற நேரத்துல ஊர் சுத்தப் போறியா?" என்று அவர் கேட்டார். "ராத்திரி கட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். கையில் பை இல்லை. ஒரு பர்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். நானூறு படிக்கு மேல். முட்டி வலிக்கிறது என்றால் உட்கார்ந்தேன். வலி குறைந்ததும் ஏறினேன். அவசரப்படுத்த யாரும் இல்லை. போகிற வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. உள்ளே சிவன் தன் சடையை நீட்டிக் கங்கையை வாங்கிக்கொள்வது போல ஒரு சிற்பம். 1,400 வருஷமாக அது அங்கே இருக்கிறது. 27 வருஷமாக நான் கொஞ்சம் கீழே பையோடு உட்கார்ந்திருக்கிறேன்!

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு மாதிரி ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது போல நின்றது. நான் தேடினது அதை அல்ல. உறையூர்ப் பக்கம் திரும்பி எங்கள் தெருவைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் பாடுபட்ட இடம் இவ்வளவு சின்னதா என்று வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

மறுநாள் போனது திருவானைக்காவுக்கு. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கோயிலில் தினமும் உச்சிக்கால பூஜையை அம்பாளே வந்து செய்வதாக ஐதீகம். அகிலாண்டேஸ்வரி சன்னதியிலிருந்து அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, மேளதாளத்தோடு சுவாமி சன்னதிக்கு வந்து பூஜை செய்வார். பிறகு கோபூஜை நடக்கும். எங்களோடு இருந்த என் மாமியாருக்கு அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. "என்னை ஒருநாள் கூட்டிட்டுப் போம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "பார்க்கலாம் அத்தை, கோயில் எங்கே ஓடிப்போகப்போகுது?" என்பேன். பொய்யாகச் சொல்லவில்லை. பூஜை நடக்கிற பகல் பன்னிரண்டு மணிதான் எங்கள் வீட்டில் சாதம் வடிக்கிற நேரம். ஷிப்டு முடிந்து வருகிறவருக்குச் சூடாகச் சாப்பாடு இருக்க வேண்டும். "அம்பாள் பூஜைக்குக் கிளம்பற நேரத்துல நாம குழம்புக்குத் தாளிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று அத்தையே சிரிப்பார். பிறகு முட்டி வலி வந்தது, படுக்கை வந்தது. 2017-ல் அவர் போய்ச் சேர்ந்தார்.

உறையூரிலிருந்து திருவானைக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. அன்று புடவை கட்டி வந்த அர்ச்சகரைப் பார்த்தபோது, அத்தைக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். ஆனால் அவர் பார்த்ததாக ஆகிவிடுமா? கோயில் ஓடிப்போகவில்லைதான். அவர் போய்விட்டார். இதோ, நானும் ஊரை விட்டுப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "கல்லணைக்குப் போலாமா? நானும் ஒழுங்காப் பார்த்ததில்லை" என்றார். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று அவர் காலமும் அப்படித்தானே ஓடியது! கரிகாலன் கட்டிய அணையில் நின்று, தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் வழிகளைப் பார்த்தோம். நான் சமைத்து எடுத்துப் போகவில்லை. அங்கே விற்ற வறுத்த மீனையும் மாங்காயையும் வாங்கித் தின்றோம். அன்றைக்குப் பையை அவர் வைத்துக்கொண்டார்.

இடமும் நமக்காகக் காத்துக்கொண்டே இருக்காது என்பதற்கு முக்கொம்பே சாட்சி. 1836-ல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதுக் கதவணை கட்டினார்கள். ஆனால் பழைய பாலத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் விட்டவர்கள்தான்.

என் அபிப்பிராயம் இதுதான். மாசத்தில் ஒரு நாளை உங்கள் ஊருக்காக எடுத்து வையுங்கள். விருந்தாளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்களோடு போனால் நாம் பார்ப்பது சாப்பாட்டுப் பையைத்தான். அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடு கடையில் வாங்கட்டும், அல்லது வீட்டில் இருப்பவர்கள் குக்கரில் சாதம் வைக்கட்டும். ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. அப்போதும் நான் மார்க்கெட்டைத் தாண்டிப் போகவில்லையே!

படுத்த படுக்கையாகப் பெரியவர்களை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது சுலபமில்லை என்று தெரியும். நானே அப்படி இருந்தவள். அந்த வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் மாசத்தில் அரை நாள் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் போதும். அவர்களாகத் தருவார்கள் என்று இருக்காமல் நாம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர் யாராவது "அங்கே ஒருதரம் கூட்டிட்டுப் போ" என்று கேட்டால், பதிலுக்கு "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கிழமை என்று சொல்லுங்கள்.

இப்போது ஓசூரிலிருந்துதான் எழுதுகிறேன். சாமான்களில் பாதி இன்னும் மூட்டையாகவே கிடக்கிறது. இருந்தாலும் வந்த முதல் வாரமே பேரனைக் கூட்டிக்கொண்டு சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய் வந்துவிட்டேன். இந்தத் தடவை பாதியில் உட்காரவில்லை.

- முன்னாள் உறையூர் வாசகி, ஓசூர்.