விலையும் விழியும்

2025 மார்ச்சு மாதத்தில் நியூயார்க் ஏலசாலை ஒன்றிலே, எம். எப். உசேன் 1954-இல் தீட்டிய 'கிராம யாத்திரை' என்னும் சித்திரம் நம் கணக்கில் 100 கோடி ரூபாய்க்கும் மேலாக விலைபோயிற்று என்ற செய்தி வந்தபோது, சித்திரங்களைப் பற்றி அதுவரை வாய் திறந்தறியாத நண்பர்கள்கூட, "அப்படி அதில் என்ன சார் இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார்கள். உழவனும், மாட்டு வண்டியும், மாவரைக்கும் பெண்ணுமாக நம் கிராமத்து ஜீவனம்தான் அதில் இருக்கிறது. டில்லியில் அதை வாங்கிச் சென்ற நார்வே டாக்டர் ஒருவரின் தயவால், ஆஸ்லோ நகரத்து ஆஸ்பத்திரியில் அது பல்லாண்டுகள் மாட்டப்பட்டிருந்தது. கேள்வி நியாயமானதே; ஆனால் விலை தெரிந்த பிறகே அது பிறந்தது என்பதுதான் என் விசனம்.

சித்திரத்தை விலையால் அளப்பதைப் போலவே, கலைஞனை இடத்தால் அளந்து, தாய்நாட்டிலேயே இருந்து தொழில் செய்பவன் உயர்ந்தவனா, கடல் கடந்தவன் உயர்ந்தவனா என்று வாதிப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. 1950-இல் பிரான்சுக்குப் போய் அங்கேயே அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த எஸ். எச். ரஜாவின் தூரிகை, பாரிஸின் வர்ணங்களையெல்லாம் பருகித் தீர்த்த பின்னர் வந்து நின்ற இடம், மத்தியப் பிரதேசத்துப் பள்ளிக்கூடத்தில், சிறுவன் ரஜாவின் அலைபாய்ந்த மனத்தை நிறுத்துவதற்காக ஆசிரியர் சுவரில் இட்டுக் காட்டிய ஒரு புள்ளியே. 'பிந்து' என்னும் அந்தப் புள்ளியே அவருடைய கீர்த்திக்கும் முத்திரையாயிற்று.

இங்கேயே இருந்தவர்களின் வைராக்கியமும் இதற்குக் குறைந்ததன்று. 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்து மணல்வெளியில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவியபோது, அவர்களைத் தாங்கியது எந்தப் பிரபுவின் கொடையுமன்று; பாத்திக் துணிதான். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் தீட்டிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடம் வெளுப்பாகவே நிற்க, அதன் விரிசல்களில் மட்டும் சாயம் மயிரிழையாய் ஓடும். அந்தத் துணி விற்ற காசில் அரிசியும் வாங்கி, எஞ்சிய பொழுதில் தங்கள் மனத்துக்கு உகந்த சித்திரங்களை எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான விஸ்வநாதன் பின்னர் பாரிஸுக்குக் குடியேறினார், ஏனையோர் பலர் இங்கேயே இருந்தார்கள்; இரு சாராரும் பெற்ற பயிற்சி ஒன்றே.

ஆகவே, குறை கலைஞர்களிடத்தில் இல்லை. பழகாத நம் கண்ணிடத்தில் இருக்கிறது. பாறையோடு மல்லுக்கட்டும் நான்கு மனிதர்களை மெரினாவில் நிறுத்திய தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் பெயரை, உழைப்பாளர் சிலை என்று பஸ் நிறுத்தத்துக்கு அடையாளம் சொல்லும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் கண்ணைப் பழக்க, அரசாங்கத்தாரை நான் கலைக்கென்று மாளிகை எழுப்பச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள், கடற்கரையில் சுண்டல் வாங்கித் தருவதற்கு முன்னால், அந்தச் சிலையடியில் பத்து நிமிஷம் அவர்களை நிறுத்தி, "இந்த நால்வரில் அதிக பாரம் யார் தோளில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். ஆளுக்கொரு விடை சொல்லிப் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்வார்கள். விலை கேட்க ஒருவனுக்கும் தோன்றாது.