மணல் அழுக்கு இல்ல பாஸ், அது ஒரு மெஷின்!

"மணல் பழுப்பா இருக்கே, நல்லா கிளறிக் கழுவிடலாம்." போன லீவுக்குச் சிங்கப்பூர் போனப்போ, மாமா வீட்டுப் பவளத் தொட்டியைப் பார்த்து நான் எடுத்த மாபெரும் முடிவு இது. மாமா ஆபீஸ் போயிருந்தார். அஞ்சு வருஷமா யாரும் தொடாத 12 செ.மீ. ஆழ மணல். அடிவரைக்கும் கிளறினேன். அழுகின முட்டை நாத்தம். சாயங்காலம் அவர் வரும்போது ரெண்டு கோமாளி மீனும் செத்து மிதந்தன. மாமா திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால் சொல்கிறேன், மணலை அழுக்காகப் பார்க்காதீங்க. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். ஆக்சிஜன் உள்ள மேல்மணலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். பல தொட்டிகளில் கதை இங்கேயே நின்றுவிடும். நைட்ரேட் ஏறும், பாசி மண்டும், பவளம் வாடும்.

10 செ.மீ.க்கு மேல் நுண்மணல் இருந்தால் அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். கரண்ட் பில் இல்லாத ரியாக்டர்! ஆனால் அதே இருட்டில்தான் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். கிளறினால் என்ன ஆகும்னு மேலே படிச்சீங்க.

"அப்போ ஆழமா மணல் போட்டா போதுமா?" போதாது. மேல்மணலைக் கிளறும் வேலையை நத்தைக்கும் புழுவுக்கும் விடுங்க. அவற்றைத் தின்னும் மீனை வாங்காதீங்க. அந்தப் பொறுமை இல்லையா? 2, 3 செ.மீ. மட்டும் போட்டு, வாரம் ஒரு பகுதியாக சைஃபன் பண்ணுங்க. ரெண்டும் இல்லாமல் நடுத்தரமா போட்டு மறந்துபோன மணல்தான் குப்பைத்தொட்டி ஆகுது.

என் கட்சி வேறு. மணலுக்கு முன்னாடி நம்ம கையைக் கட்டணும். மாஸ் பேலன்ஸ் ஞாபகம் இருக்கா? வாரம் 5 பிபிஎம் நைட்ரேட் சேருது, வாரம் 20% தண்ணீர் மாத்தறோம். மாத்துற தண்ணீரில் நைட்ரேட்டே இல்லைன்னு வைங்க. அப்பவும் மாத்துறதுக்கு முன் 25, மாத்தின பின் 20 என்றுதான் நிற்கும். எத்தனை வருஷம் மாத்தினாலும் அதுக்குக் கீழே இறங்காது. தீனியைக் குறைச்சு வரவைப் பாதியாக்குங்க, 25 என்பது 12.5 ஆகும். பூஜ்ஜியத்துக்கும் ஆசைப்படாதீங்க. பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் கொஞ்சம் நைட்ரேட் வேணும்.

ஒண்ணு மட்டும்: இதைப் படிச்சிட்டு ராமேஸ்வரம் டூரில் பவளத்தை அள்ளிட்டு வந்துடாதீங்க. மன்னார் வளைகுடாவின் கடினப் பவளங்கள் 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

நான் கையை வெச்சிட்டுப் படிச்சேன். நீங்க படிச்சிட்டுக் கையை வைங்க.